அரை உயரக் கார்டும் ஆறு மணி நேரமும்

சூரியனுக்கே ஒரு நாள் சூடு தாங்காமல் போய், யாரிடம் காட்டி விசிறி மாற்றிக்கொள்வது என்று தவித்தால், அது அமெரிக்காவுக்கும் போகாது, சீனாவுக்கும் போகாது. வில்லியனூரில் பஸ் பிடித்து, பாகூர் ஏரிக்கரையில் இறங்கி, கரும்புக்கொல்லை வரப்பில் நடந்து, புவனேஸ்வரியின் மோட்டார் ரூமுக்குத்தான் வரும். வந்தாலும் உடனே வேலை நடக்காது. "தூசியெல்லாம் ஊதிட்டு செவ்வாய்க்கெழம வா" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். அவள் கையால் செய்த கார்டை இமயமலையில் கொண்டுபோய் வைத்தால், நம்மைவிடக் குளிர்ந்தது ஒன்று வந்துவிட்டதே என்று பனியே வெட்கப்பட்டு உருகும்.

இப்படி ஆரம்பித்தால்தான் ஜனங்கள் படிக்கிறார்கள். உண்மை இதைவிடச் சின்னது. உள்ளங்கை அகலம், ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இதை எழுதுவது புவனேஸ்வரியின் அக்கா மகள் ப்ரீத்தி. வயது பதினேழு. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் பாடத்தோடு ஏற்பட்ட மனஸ்தாபத்தால் பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு விட்டிருப்பவள். ரிப்பேருக்கு வந்த கம்ப்யூட்டரில் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டு, வந்த ஆள் கழுத்தைச் சாய்த்துப் பார்ப்பதை வேடிக்கை பார்ப்பதுதான் அவளுக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் வேலை. எல்லாரையும் போல அவளும் இதில் 'அவள்' என்றே வருவாள்.

புவனேஸ்வரி பிறந்தது மண்ணாடிப்பட்டுப் பக்கம், கரும்பு போடுகிற குடும்பத்தில். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தாள். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வேலை என்றால், உட்கார்ந்து பார்ப்பது. பெல்ட்டில் பச்சைப் பலகை ஒன்று வரும். பூதக்கண்ணாடி வழியாக அதன் ஈயப் பற்றுகளை நாற்பது வினாடி பார்க்க வேண்டும். நல்லதென்றால் தள்ளிவிட வேண்டும், கெட்டதென்றால் சிவப்புக் கூடையில் போட வேண்டும். ஒன்பது வருஷம் பார்த்தாள். நடுவில் பாகூருக்குக் கல்யாணமாகி வந்த பிறகும் கம்பெனி வேனில் போய் வந்து பார்த்தாள். ஒரு நாள் கம்பெனி மொத்தமாகப் பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. கூட இருந்த பெண்கள் துணிக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குப் போனார்கள். புவனேஸ்வரிக்குப் பலகையைத் தவிர வேறெதையும் நாற்பது வினாடி பார்க்கப் பொறுமை இல்லை.

அவள் வீட்டுக்காரர் கரும்பு லோடு டிராக்டர் ஓட்டுகிறவர். ஆலைக்குப் போன இடத்தில் யாரோ தூக்கிப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, "சும்மாதான குந்திக்கினு இருக்கற, இத நோண்டு" என்றார். உள்ளே கிராபிக்ஸ் கார்டு செத்துக் கிடந்தது. திரைக்குப் படம் அனுப்புகிற வேலையைத் தனியாகத் தலையில் சுமக்கிற பலகைக்குத்தான் அந்தப் பெயர். அதைக் கழற்றிப் பார்த்தவள், கழற்றிப் பார்ப்பதை அதற்கப்புறம் நிறுத்தவேயில்லை.

வேலைக்கு உட்காரும்போது அவளுக்கென்று ஒரு முறை உண்டு. வளையல்களைக் கழற்றி டிபன் பாக்ஸில் போட்டு மூடுவாள். தாலிச் சரட்டை முதுகுப் பக்கம் தள்ளி ரவிக்கைக்குள் செருகிக்கொள்வாள்; கரன்ட் ஓடுகிற பலகைமேல் தங்கம் விழுந்தால் இரண்டுமே போய்விடும். கழற்றிய திருகாணிகளை இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக வைப்பாள். கார்டின் மூலை எதுவோ, தட்டின் குழியும் அதுவே. அந்தத் தட்டில் மறுபடி இட்லி ஊற்றக்கூடாது என்று அவள் மாமியார் சட்டம் போட்டே நான்கு வருஷம் ஆகிறது.

இதெல்லாம் நடப்பது மோட்டார் ரூமில். போர்வெல் மோட்டாரைக் கொல்லையின் அந்தக் கோடிக்கு மாற்றியபோது காலியான அறை அது. சமையல் ஆவி கிடையாது, நெல் தூசி கிடையாது, கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். இந்தப் புரட்டாசியில் அந்த அறைக்கு ஆபத்து வந்தது. புயலில் உரக் கொட்டகையின் ஓடு பறந்துவிட்டது. புவனேஸ்வரியின் மாமனார் அரங்கநாதன் வந்து நிலைப்படியில் நின்றார்.

"புவனா, மழ வரப்போவுது. யூரியா மூட்ட பதினேழு இருக்குது. இந்த ரூம்தான் ஒழுவாம இருக்குது."

"வேலைய எங்க மாமா வெச்சுக்கறது?"

"வூட்டுக்குள்ள ஒரு மூலையில வெச்சுக்க. இன்னா இப்ப, பொட்டி ரிப்பேருதான?"

வீட்டுக்குள் மூலை கிடையாது. எல்லா மூலையிலும் ஏற்கெனவே ஏதோ ஒன்று இருக்கிறது. அது அவருக்கும் தெரியும்.

அதே வாரம்தான் வில்லியனூர் உலகநாதன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தேரடிப் பக்கம் வீட்டு பிளான் வரையக் கற்றுக்கொடுக்கும் சென்டர் நடத்துகிறவர். மூடிப்போன ஆபீஸ் ஒன்றிலிருந்து பன்னிரண்டு ஒல்லிக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். ஒவ்வொன்றும் நாலு விரல் தடிமன். பிறகு பன்னிரண்டு கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தார். பெட்டியை அளக்காமல் வாங்கியிருந்தார்.

"ஒண்ணுமே உள்ள போவ மாட்டேங்குதும்மா. ஒருத்தன் சொல்றான், ஆக்சா பிளேடு வெச்சு மேல ரெண்டு விரக்கட அறுத்துடலாம்னு."

"அறுத்தீங்களா?" புவனேஸ்வரி பதறிப்போய்க் கேட்டாள்.

"இன்னும் இல்ல."

"நல்லதா போச்சு. பலகைக்குள்ள அடுக்கடுக்கா கம்பி ஓடுது சார். அறுத்தா நரம்ப அறுத்த மாதிரி."

அவள் ஒரு கார்டை வாங்கி, கண்ணாடிக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாற்பது வினாடிக்கு மேலேயே பார்த்தாள். கார்டின் பலகை உண்மையில் குட்டைதான். அதற்குப் போட்டிருந்த சட்டைதான் பெரிசு. பெட்டியின் பின்புறத்தோடு கார்டைப் பிடித்து நிறுத்துகிற தகரத்துக்கு பிராக்கெட் என்று பெயர். அது பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரம் நின்றது. ஒல்லிப் பெட்டிக்கு எட்டுதான் ஆகும். மேலே சூட்டை வாங்கி வெளியே விடுகிற அலுமினியக் கட்டியும் விசிறியும் இரண்டு கார்டு உட்காரும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. ஒல்லிப் பெட்டியில் ஒரு கார்டுக்கு இடம். பக்கத்தில் பவர் சப்ளை முழங்கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"பலகைய தொட வேணாம். சட்டைய மாத்தி தெச்சுக்கலாம்" என்றாள்.

"பன்னெண்டும்?"

"மொதல்ல ஒண்ணு."

உலகநாதன் யோசித்தார். "சரி. ஒண்ணு செய்யுங்க. நான் வந்து ஒக்காந்து பாப்பேன். மூடி போட்டு ஆறு மணி நேரம் ஓடணும், எம்பத்தஞ்சு டிகிரிய தொடக் கூடாது. ஓடுச்சுன்னா பன்னெண்டும் உங்களுது. இனிமே சென்டருக்கு வர்ற எல்லாப் பொட்டியும் உங்களுதுதான்."

நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அரங்கநாதன் நியாயஸ்தர். "அது நடந்துச்சுன்னா ரூம வெச்சுக்க. மூட்டைய நான் மாட்டுக் கொட்டாய்ல, கூரைக்கு அடியில எரவாணத்துல, தார்ப்பாய் போட்டு அடுக்கிக்கறேன். நடக்கலைன்னா சனிக்கெழம காலைல மூட்ட உள்ள வரும்" என்றார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பதினேழு மூட்டைக்கும் ஒரு கார்டுக்கும் போட்டி என்றானது.

வேலை ஆரம்பமானது. செத்த இன்வெர்ட்டர் ஒன்றின் தகரத்தில் பிராக்கெட்டை வரைந்து வெட்டி, அதன் தலையை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் கடிக்கவைத்து மடக்கினாள். திரை ஒயர் செருகும் துளையை அரத்தால் ராவி ராவித் திறந்தாள். சூட்டுக் கட்டிக்குக் காயலான் கடையில் எரிந்துபோன எல்.இ.டி. தெருவிளக்கு ஒன்று கிடைத்தது. அதன் முதுகில் அலுமினியத் துடுப்புகள் வரிசையாக நிற்கும். அதை அறுத்து, நடுவில் துடுப்புகளைச் சீவிப் பள்ளமாக்கி, அந்தப் பள்ளத்தில் ஒரு தட்டை விசிறியைப் படுக்க வைத்தாள். அடிப்பாகத்தைக் கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாள் விரித்துத் தேய்த்தாள். எட்டுப் போடுகிற மாதிரி வளைத்து வளைத்துத் தேய்க்க வேண்டும். ஒரே பக்கம் தேய்த்தால் சாய்ந்துவிடும். தன் முகம் தெரிகிற வரைக்கும் தேய்த்தாள்.

கார்டின் நடுவில் இருக்கிற சிப்பு கட்டை விரல் நகத்தளவு. மேலே மூடி எதுவும் இல்லாத வெறும் கண்ணாடிக் கல் மாதிரி இருக்கும். ஒரு பக்கத் திருகாணியை முதலில் இறுக்கிவிட்டால் மூலை உடைந்து போகும். அதனால் நான்கு திருகாணிகளுக்கும் அடியில் ஸ்பிரிங் வைப்பார்கள். புவனேஸ்வரி பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கைப் பாதியாக நறுக்கி வைத்தாள். அந்த வாரம் அந்த வீட்டில் ஒரு பேனாவும் எழுதவில்லை. சிப்பின்மேல் பச்சரிசி மணி அளவுக்குப் பசை. சுற்றியிருக்கும் நினைவுச் சிப்புகள்மேல் மெத்தை மாதிரி ஒரு மில்லிமீட்டர் பட்டை. பிறகு குறுக்கும் மறுக்குமாக, அரைத் திருகு, அரைத் திருகாக இறுக்கினாள்.

மேஜையில் வைத்து ஓட்டிப் பார்த்தாள். அறுபத்தாறு டிகிரி. இரண்டு நாள் ஓடியது, அறுபத்தெட்டு. தனியாக நின்று சிரித்துக்கொண்டாள். அவள் சிரிப்பதைப் பார்ப்பது அபூர்வம் என்பதால் ப்ரீத்தி ஜன்னலுக்கு வெளியே இருந்து நன்றாகப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உலகநாதன் வந்தார். இரண்டு செங்கல்மேல் பெட்டியைச் சுவரோரம் நிறுத்தி, மாடி வீடு ஒன்றின் படத்தைத் திரையில் ஓடவிட்டார். வீடு சுற்ற ஆரம்பித்தது. முன்வாசல், பக்கச் சுவர், பின்கட்டு, மறுபடி முன்வாசல். ஆறு மணி நேரம் அந்த வீடு சுற்ற வேண்டும். ஓரத்தில் டிகிரி.

"மூடிய போடுங்க" என்றார்.

புவனேஸ்வரி மூடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பாகூர்ப் பக்கம் எந்த வீட்டிலும் கம்ப்யூட்டருக்கு மூடி கிடையாது. வெயிலுக்குப் பயந்து வாங்கிய அன்றே கழற்றிவிட்டு, பக்கத்தில் டேபிள் ஃபேனை வைத்துவிடுவார்கள். அவள் கம்ப்யூட்டரின் மூடியில் மாமியார் மொட்டை மாடியில் வடகம் காய வைத்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் எந்தக் கார்டையும் அவள் மூடி போட்டு ஓட்டிப் பார்த்ததே இல்லை. இந்தக் கார்டையும்தான்.

போட்டாள். விசிறிக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி கனம் இடைவெளி இருந்தது.

பதினொரு மணிக்கு எழுபத்திரண்டு. பன்னிரண்டுக்கு எழுபத்தேழு. ஒரு மணிக்கு எண்பது. உலகநாதன் வெளியே தென்னை மர நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அரங்கநாதன் ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில், மூட்டை ஏற்றிவர அவர் மாட்டு வண்டியைத் தட்டித் துடைக்கிற சத்தம் கேட்டது. இரண்டு மணிக்கு எண்பத்து மூன்று.

"வூடு மட்டும் ஜோரா சுத்துது" என்றாள் ப்ரீத்தி.

"வாய மூடுடி" என்றாள் புவனேஸ்வரி. இரண்டேகாலுக்கு எண்பத்து நான்கு. இன்னும் ஒரு டிகிரி. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏறிவிடும் என்று பயந்தவள்போல எழுந்து, உலகநாதனுக்கு மோர் கொண்டுவர வீட்டுக்குள் போனாள்.

அந்த நேரத்தில் ரோட்டில் மீன்காரக் கலியம்மாளின் ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. வீராம்பட்டினத்திலிருந்து தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மீன் கொண்டுவருகிறவள். புரட்டாசியில் பாதித் தெரு வாங்காது என்று தெரிந்தும் ஹாரன் அடிப்பாள். அந்த நேரத்தில் ப்ரீத்தி எங்கே இருந்தாள் என்பது இந்தக் கதைக்குக் கொஞ்சமும் தேவையில்லாத தகவல்.

புவனேஸ்வரி மோர்ச் சொம்போடு திரும்பி வந்தபோது டிகிரி எழுபதில் நின்றது.

எழுபது! வீடு சுற்றிக்கொண்டிருந்தது, விசிறி ஓடிக்கொண்டிருந்தது, மூடி மூடியபடி இருந்தது, டிகிரி மட்டும் பதினான்கு படி இறங்கி உட்கார்ந்திருந்தது. தெருவிளக்கு அலுமினியத்துக்கு அப்படி ஒரு குணம் போலிருக்கிறது. முதலில் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு அப்புறம் தானாக வழிக்கு வருகிறது. மூன்று மணிக்கு எழுபத்தொன்று. நான்கு மணிக்கு எழுபத்தெட்டு. உலகநாதன் எழுந்து கை தட்டினார்.

"பன்னெண்டும் உங்களுதும்மா!"

அரங்கநாதன் பேச்சு மாறாதவர். அன்றைக்குச் சாயங்காலமே பதினேழு மூட்டையையும் மாட்டுக் கொட்டாய் எரவாணத்தில் அடுக்கத் தொடங்கினார்.

புவனேஸ்வரி மட்டும் விளக்கேற்றிய பிறகு மோட்டார் ரூமுக்குத் திரும்பி வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஆறு மணி நேரமும் டிகிரி எப்படி ஏறி இறங்கியது என்று அது கோடு போட்டு வைத்திருக்கும். கோடு ஏரிக்கரை மாதிரி மெதுவாக ஏறிக்கொண்டே போய், இரண்டு இருபதுக்குக் கிணற்றில் குதித்திருந்தது. நாற்பது வினாடி பார்த்தாள். இன்னொரு நாற்பது வினாடி பார்த்தாள். விசிறியால் சூடு இறங்கினால் கோடு சாய்ந்து இறங்கும். இப்படிக் குதிக்காது. உள்ளே இருந்து வந்த குளிர்ச்சி இல்லை இது. வெளியே இருந்து யாரோ கொண்டுவந்தது. அப்படியென்றால் அவள் செய்த கார்டு எண்பத்தைந்தைத் தொட்டிருக்கும். மேலேயும் போயிருக்கும்.

யாருக்கும் தெரியாது. ரூம் அவளுடையது. மூட்டை இடம் மாறிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு கார்டையும் இதே மாதிரி செய்து கொடுத்துவிடலாம். சித்திரையில் வில்லியனூரில் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து வரையும்போது ஒவ்வொன்றாக நின்றுபோகும். அவள் ஒன்பது வருஷம் சிவப்புக் கூடை வைத்திருந்தவள்.

போனை எடுத்தாள். "சார், இன்னிக்கு ஓடுனத கணக்குல வெச்சுக்காதீங்க."

"இன்னாம்மா சொல்றீங்க? நான்தான் கண்ணால பாத்தேனே."

"நீங்க பாத்தது கார்டோட வேலை இல்ல சார். என் கார்டு சூடு தாங்கல. ஞாயித்துக்கெழம மறுபடி வாங்க. வேற மாதிரி செஞ்சு வெக்கறேன்."

"ஒரே நாள்ல செய்வீங்களா? திங்கக்கெழமலேர்ந்து நான் வெளியூரு. ஞாயித்துக்கெழம ஓடலைன்னா நான் வேற எடம் பாக்கணும்."

"ஓடலைன்னா பாருங்க சார்."

வெளியே பதினான்காவது மூட்டையோடு நின்ற அரங்கநாதன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். "யம்மா, பாஸ் ஆனத பெயில்னு நீயே சொல்லிக்கினு இருக்கியே?"

"பெயில்தான் மாமா. ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்க."

"அப்ப இத மறுபடியும் எறக்கறதா?"

"அங்கியே இருக்கட்டும். எறக்கணும்னா நான் வந்து தூக்கறேன்."

அவர் மூட்டையைத் தோளில் இருந்து இறக்காமலே கொட்டாய்ப் பக்கம் நடந்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் கார்டைக் கழற்றினாள். இட்லித் தட்டில் நான்கு குழி நிறைந்தது. தப்பு பளிச்சென்று தெரிந்தது. விசிறி மேலே இருந்து காற்றைக் குடித்து அலுமினியத்தில் துப்ப வேண்டும். மூடி போட்டதும் அதற்குக் குடிக்கக் காற்றில்லை. துடுப்புகளோ பலகைக்குக் குறுக்கே நின்றன. கொஞ்ச நஞ்சம் போகிற காற்றும் பெட்டிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து மறுபடி விசிறிக்குள் போனது. அவள் செய்த பிராக்கெட்டில் காற்றுப் போக ஒரு ஓட்டைகூட இல்லை. எச்சில் காற்றையே கார்டு நாள் முழுக்கச் சுவாசித்திருக்கிறது.

துடுப்புகள் நீளவாக்கில் ஓட வேண்டும். ஒரு முனையில் காற்றை ஊத வேண்டும், மறுமுனையில் பிராக்கெட் வழியாகப் பெட்டிக்கு வெளியே போய்விட வேண்டும். ஊதுவதற்கு லேப்டாப்பில் இருக்கிற தட்டை ஊதி போதும். நத்தை மாதிரி சுருண்டிருக்கும், பக்கவாட்டில் வாய் இருக்கும். அதுவாவது அவளிடம் இருந்தது. நீளத் துடுப்புக்கு எங்கே போவது?

மைக்செட் பாக்யராஜிடம் போனாள். புரட்டாசிச் சனிக்கிழமை, பெருமாள் கோயிலில் அவர் குழாய் கட்டிக்கொண்டிருந்தார். ஏணிமேல் இருந்தபடியே கேட்டார்: "இன்னாக்கா, மைக்செட்டு எதுக்கு? வூட்டுல விசேஷமா?"

"மைக்செட்டு வேணாம். செத்துப்போன ஆம்ப்ளிஃபையரு இருந்தா அதோட முதுகு மட்டும் வேணும்."

"முதுகா? மூணு இருக்குதுக்கா. எல்லாம் கூழு ஊத்துற திருவிழாவுல கத்திக் கத்தி செத்ததுங்க. சூட்ட நல்லா தாங்கும்."

ஆம்ப்ளிஃபையரின் முதுகில் துடுப்புகள் நீளவாக்கில், சீப்புப் பல் மாதிரி, ஒரே சீராக ஓடின. அறுத்தாள். உயரத்தைச் சீவினாள். காகிதத்தைக் கார்டின் பின்னால் வைத்துப் பென்சிலால் தேய்த்து நான்கு துளைக்கும் இடம் எடுத்து, துளையிட்டு, மரை வெட்டினாள். மறுபடி கண்ணாடி, மறுபடி எட்டு. ஊதியைக் கடைசி முனையில் உட்கார வைத்து, அதன் வாய்க்கும் துடுப்புக்கும் இருந்த சந்தை அலுமினிய டேப்பால் ஒட்டினாள். பிராக்கெட்டில் இருபத்திரண்டு ஓட்டை போட்டாள். ஒவ்வொன்றின் பிசிறையும் நகத்தால் தடவிப் பார்த்து அரம் போட்டாள். மொத்தக் கனமும் ஒரு கார்டு இடத்துக்குள், மூடிக்கு இடிக்காமல் அடங்கியது. இந்தத் தடவை முதல் வேலையாக மூடியைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். ஒரு மணி நேரம் ஓடியது. அதற்கு மேல் பார்க்க நேரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வீடு மறுபடி சுற்ற ஆரம்பித்தது. புவனேஸ்வரி கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டாள். ப்ரீத்தியைக் கூப்பிட்டு எதிரே இருந்த கல்லைக் காட்டினாள்.

"இங்க குந்து. நான் சொல்ற வரைக்கும் எழுந்திருக்காத."

"சித்தி, ஒண்ணுக்கு வந்தா?"

"நானும் கூட வருவேன்."

பன்னிரண்டு மணிக்கு எழுபது. இரண்டு மணிக்கு எழுபத்து மூன்று. புரட்டாசி வெயில் கூரைமேல் நின்று குதித்தது. மூன்று மணிக்கு எழுபத்து நான்கு, அங்கேயே நின்றுவிட்டது. உலகநாதன் பெட்டியின் பின்னால் கையை நீட்டினார். பிராக்கெட்டின் இருபத்திரண்டு ஓட்டையிலிருந்தும் சூடான காற்று அவர் விரலில் அடித்தது.

"இன்னாம்மா இவ்ளோ சூடா வருது?"

"வெளிய வர்றதால சூடு சார். அன்னிக்கு உள்ளயே இருந்துச்சு."

அரங்கநாதனும் குனிந்து உள்ளங்கையைக் காட்டினார். எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "வெத நெல்ல காய வெக்கலாம் போல இருக்குதே" என்றார். பிறகு நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல், "மூட்ட அங்கியே கெடக்கட்டும். மாட்டுக்கும் தொண இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு மணி அடித்தது. உலகநாதன் மிச்சம் பதினொரு கார்டையும் சாக்குப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் அடுக்கினார். கிளம்பும்போது கல்லைவிட்டு இன்னும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த ப்ரீத்தியைப் பார்த்தார். "நீதான் எப்பவும் எதையாச்சும் கிறுக்கிக்கினு இருப்பியாமே. எங்க சென்டரு மலருக்கு உங்க சித்தியப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடு பாப்போம்."

எழுதினாள். வெள்ளிக்கிழமை அலுமினியம் தானாக வழிக்கு வந்தது வரைக்கும் எழுதி, மேலே எப்படிக் கொண்டுபோவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது நோட்டைப் புவனேஸ்வரி பிடுங்கினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பலகை பார்க்கிற மாதிரி வரி வரியாகப் பார்த்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"தானா எறங்கிச்சா?"

"நீ மோரு எடுக்கப் போனியே, அப்ப."

புவனேஸ்வரி இட்லித் தட்டின் நடுக்குழியிலிருந்து எதையோ நகத்தால் எடுத்து நோட்டின்மேல் வைத்தாள். சின்னதாக, வட்டமாக, மினுமினுவென்று இருந்தது. மீன் செதில்.

"பொட்டிக்கும் செவுத்துக்கும் நடுவுல செங்கல்லுல ஒட்டிக்கினு இருந்துச்சு. தரையெல்லாம் ஈரம், பக்கத்துல பிளாஸ்டிக் பை வேற. புரட்டாசி மாசத்துல இந்த வூட்டுக்கு மீனு எப்பிடிடி வந்துச்சு?"

"பூன கொண்டாந்திருக்கும்."

"எந்தப் பூன ஐஸு கட்டிய பிளாஸ்டிக் பையில சுத்தி, மூடில காத்து போற ஓட்டைக்கு நேரா சொருவி வெக்கும்?"

கலியம்மாளின் ஐஸ் சுத்தமான ஐஸ் என்றுதான் ப்ரீத்தி நினைத்திருந்தாள்.

"தண்ணி உள்ள போயிருந்தா கார்டு அங்கியே செத்திருக்கும், தெரியுமா? நான் ஒரு வார்த்த கேக்கல. சாரு இருக்கறப்ப உன்ன மாட்டி விட வேணாம்னு வுட்டேன். இப்ப எழுது. ஐஸு வெச்சத எழுது, நான் பெயில்னு சொன்னத எழுது. ஒண்ணையும் வுடாத."

"எழுதறேன்."

"உனக்கு இன்னாடி வந்துச்சு? ரூமு போனா எனக்குத்தான போவுது. நீ ஏன் வெயில்ல மீன்காரி பின்னால ஓடற?"

"எனக்கு இன்னா, ஒண்ணுமில்ல. இங்கதான் வைஃபை நல்லா எடுக்குது. ரூமு போனா வைஃபையும் போயிடும், அதான்."

புவனேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினாள். டிபன் பாக்ஸைத் திறந்து வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். கடைசி வளையலைப் போடும்போது அவளைப் பார்க்காமலே சொன்னாள்:

"இங்க வைஃபை கட் ஆயி ரெண்டு மாசம் ஆவுதுடி."